கீமோவும் அசதியும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், இருக்கிறேன். பள்ளி ஆசிரியை, வயது 46. மார்பகப் புற்றுநோய். கோயமுத்தூரில் 21 நாளுக்கு ஒருமுறை கீமோ, மூன்று முடிந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன், இந்த அசதிதான் ஆளைத் தின்கிறது. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, 62 படி. ஏறும்போது பாதியிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அப்படியேதான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ‘மனசைத் திடமா வச்சுக்கோ, பாதி நோய் ஓடிடும்’ என்கிறார்கள். திடம் இல்லாததால்தான் எனக்கு இப்படி ஆகிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. கீமோ எடுக்கும் பெரும்பாலோருக்கு இந்த அசதி வரும், எத்தனை திடமானவராக இருந்தாலும். தூங்கினாலும் தீராது என்பதே இதன் அடையாளம். மருந்து ஏறிய முதல் சில நாள் அடித்துப் போடும், அடுத்த தவணை நெருங்கும்போது பலருக்குக் கொஞ்சம் விடும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, சாப்பாடு இறங்காதது, வலி, மனச்சோர்வு என்று எது கூடச் சேர்ந்தாலும் அதிகமாகும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. அதனால் டாக்டரிடம் ‘அசதியா இருக்கு’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். முன்பு 62 படியும் நிற்காமல் ஏறினேன், இப்போது 30-இல் உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். ரத்தம் ஊறும் என்று வீட்டில் பீட்ரூட் சாறு கொடுப்பார்கள், குடியுங்கள். ஆனால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பரிசோதனைதான் சொல்லும்.

மனசைத் திடமாக வைக்கச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் ஏற்கெனவே முடியாமல் கிடப்பவர் தலையில் பழியையும் ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

நம்பிக்கைக்கு இதில் வேலை உண்டு. ஒரு காரியம் நம்மால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். தானே செய்து பார்த்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், நம் உடம்பு காட்டும் குறிகளை நாம் எடுத்துக்கொள்ளும் விதம். இதில் தானே செய்து பார்த்ததற்குத்தான் பலம் அதிகம். புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு செவிலியர் துறை ஆய்வும், அசதியைச் சமாளிக்கத் தன்னால் முடியும் என்று நினைப்பவர்கள் அன்றாடக் காரியங்களில் கூடுதலாக இயங்குவதாகச் சொன்னது. நோய் ஓடிவிடும் என்ற நம்பிக்கை இல்லை இது. எப்போது எழலாம், எப்போது உட்காரலாம் என்று தெரிந்து வைத்திருக்கும் நம்பிக்கை.

அதை அந்தப் படிகளிலேயே சம்பாதிக்கலாம். டாக்டர் நடக்கலாம் என்று சொன்னால், இருபதாவது படியிலும் நாற்பதாவது படியிலும் ஒரு முக்காலி போடச் சொல்லுங்கள். கால் துவளும்வரை காத்திருக்காமல், தெம்பு இருக்கும்போதே அங்கே உட்காருங்கள். மூச்சு ஆறியதும் எழுங்கள். முதல் வாரம் முதல் முக்காலியோடு திரும்பிவிட்டாலும் போதும். படி முடியாத நாளில் தேயிலைக்கு நடுவே சமமான பாதையில் பத்து நிமிஷம். சிகிச்சையின்போது மிதமாக நடப்பது அசதியைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் இருக்கிற தெம்பும் போய்விடும்.

எந்த நேரம் தெளிவாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நேரத்தைத் துணி துவைக்கக் கொடுக்காதீர்கள்! பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பதோ, எது உங்களுக்குப் பிடிக்குமோ, அதற்கு வையுங்கள். பீன்ஸ் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள், தண்ணீர்க் குடத்தை வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். கீமோ வார்டில் ஐந்தாவது, ஆறாவது தவணைக்கு வந்திருக்கும் பெண்களிடம் பேசுங்கள், அவர்கள் சமாளித்த விதம் உங்களுக்கு உதவும்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தலைசுற்றல், 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், இதில் எது வந்தாலும் படியும் வேண்டாம், நடையும் வேண்டாம். அடுத்த தவணைவரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் மலையிறங்கிப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரமாகும், அதனால் விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.