விசையும் இயக்கமும்: தரம் 10 பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

நியூற்றனின் மூன்று விதிகள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

தலவாக்கலை மாணவி: மூன்றாம் விதிப்படி தாக்கமும் மறுதாக்கமும் சமம், எதிர்த்திசை என்றால் ஒன்றையொன்று அழித்துவிடுமே. பிறகு எப்படி ஒரு பொருள் நகரும்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். இரண்டும் ஒரே பொருளின் மீது தாக்குவதில்லை, அதனால் அழியாது. சேற்றில் புதைந்த தேயிலைக் கொழுந்து லொறியைத் தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் விசை லொறியின் மீது. லொறி திருப்பித் தள்ளும் விசை உங்கள் கைகளின் மீது. லொறி நகருமா என்று பார்க்க லொறியின் மீதுள்ள விசைகளை மட்டும் எடுங்கள்: உங்கள் தள்ளல், சேற்றின் தடை. தள்ளல் மிஞ்சினால் லொறி நகரும். உங்களுக்குத் தனிக் கணக்கு. லொறி உங்களைப் பின்னே தள்ளுகிறது, நிலம் உங்கள் பாதத்தை முன்னே தள்ளுகிறது. செருப்பு வழுக்கினால் எவ்வளவு பலம் இருந்தும் தள்ள முடியாமல் போவது இதனால்தான்.

பரீட்சையில் படம் வந்தால், எந்தப் பொருளின் கணக்கோ அதைச் சுற்றி முதலில் ஒரு வட்டம் போடுங்கள். பாதி மயக்கம் அங்கேயே தீரும்.

ஹட்டன் மாணவன்: அப்படியானால் கோச்சியை முன்னே தள்ளுவது எஞ்சின் இல்லையா சேர்?

எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். சக்கரம் தண்டவாளத்தைப் பின்னே தள்ள, தண்டவாளம் உராய்வினால் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. மலையகப் பாதையின் செங்குத்தான இடங்களில் 44 அடி போனால் 1 அடி ஏற்றம். அங்கே 30 டொன் பெட்டி ஒன்று பின்னே உருளாமல் பிடித்து நிறுத்தவே ஏறத்தாழ 6,800 நியூற்றன் வேண்டும். மழையில் தண்டவாளம் நனைந்தால் உராய்வு குறைந்து சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்காகத்தான் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் ஏற்பாடு ரயில் எஞ்சின்களில் உண்டு.

இறம்பொடை, தரம் 9: வளைவில் பஸ் இடப்பக்கம் திரும்பினால் எங்களை வலப்பக்கம் தள்ளுவது யார்?

யாருமில்லை. உங்கள் உடம்பு நேரே போகப் பார்க்கிறது, பஸ்தான் உங்களுக்குக் கீழே திரும்புகிறது. முதலாம் விதி இதுதான். உங்களை வளைவில் கூட்டிப்போவது இருக்கையின் உராய்வும் நீங்கள் பிடித்திருக்கும் கம்பியும். அவை தள்ளுவது இடப்பக்கமாக!

பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா: 50 கிலோ வண்டி, இழுக்கும் விசை 100 நியூற்றன், உராய்வு 40 நியூற்றன். மகள் ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) 2 என்று எழுத, மிஸ் பிழை போட்டுவிட்டார்.

மிஸ் போட்டது சரிதான் அம்மா. இரண்டாம் விதியில் வருவது விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சும் விசை. 100இல் 40 போக 60. அதை 50ஆல் வகுத்தால் 1.2 மீ/செ². மகள் உராய்வை மறந்துவிட்டாள். வட்டம் போட்டு அம்புக்குறிகளை வரைந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

லிந்துலை மாணவன்: மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) 20 கிலோ நிறுத்த கொழுந்து கொழும்பில் கூடுமா?

திணிவு, அதாவது அதில் உள்ள பொருளின் அளவு, எங்கே போனாலும் 20 கிலோதான். நிறை, அதாவது பூமி இழுக்கும் விசை, கொழும்பில் கடுகளவு கூடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று மடுவத்தில் கழிப்பது இதைவிடப் பல மடங்கு, ஆனால் அதற்கு நியூற்றனிடம் விதி இல்லை.