ஏர் ரைஃபிள் ஸ்கோப்: எத்தனை மீட்டரில் ஜீரோ வைப்பது?

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ஏர் ரைஃபிள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். ஜீரோ வைப்பது என்றால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) படும்படி ஸ்கோப்பைத் திருத்தி வைப்பது.

கேள்வி: 10 மீட்டரில் பத்துப் பெல்லட் சுட்டு, அத்தனையும் நடுப்புள்ளியில் விழும்படி ஸ்கோப்பைத் திருப்பி வைத்தேன். 25 மீட்டரில் அதே குறியில் சுட்டால் 3 சென்டிமீட்டர் மேலே போகிறது. தூரம் கூடினால் பெல்லட் இறங்கத்தானே வேண்டும்? ஸ்கோப் பழுதா?

பதில்: ஸ்கோப்பில் குற்றமில்லை. ஸ்கோப் குழலுக்கு மேலே இருக்கிறது. கண்ணின் பார்வைக் கோடு நேராகப் போகிறது. பெல்லட் அந்தக் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, குழல் சற்றே மேல்நோக்கி இருப்பதால் ஏறி, கோட்டை ஒருமுறை வெட்டி மேலே போகிறது. பிறகு வளைந்து இறங்கும்போது இரண்டாவது முறை வெட்டுகிறது. உங்கள் 10 மீட்டர், முதல் வெட்டு. இரண்டாவது வெட்டு எங்கோ 40 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நடுவில் உள்ள 25 மீட்டர், பாதை உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம்.

எண்ணில் பார்க்கலாம். .22 பற்றிய பதிலைத் தவிர இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டுதான்: .177 (4.5 மி.மீ.) ரைஃபிள், 8.4 கிரெய்ன் (சுமார் 0.54 கிராம்) எடையுள்ள பெல்லட், வேகம் நொடிக்கு 238 மீட்டர், ஸ்கோப் குழாயின் நடுவுக்கும் துப்பாக்கிக் குழலின் நடுவுக்கும் 45 மி.மீ. இதை 10 மீட்டரில் ஜீரோ வைத்தால் 25 மீட்டரில் சுமார் 30 மி.மீ. மேலே படும், கோட்டுக்குத் திரும்ப 41 மீட்டர் ஆகும். நீங்கள் சொன்ன 3 சென்டிமீட்டரும் இதுதான்.

10 மீட்டர் வசதியான தூரம், அதனால் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே விழும் 1 மி.மீ. பிழை 30 மீட்டரில் 3 மி.மீ. ஆகும் என்பது இன்னொரு தொல்லை.

கேள்வி: நான் சுடுவது 15 முதல் 30 மீட்டர் வரை. இலக்கு 25 மி.மீ. வட்டம். எந்தத் தூரத்தில் ஜீரோ வைக்கலாம்?

பதில்: தூரத்திலிருந்து தொடங்க வேண்டாம், வட்டத்திலிருந்து தொடங்குங்கள். வட்டத்தின் ஆரம் 12.5 மி.மீ. உங்கள் ரைஃபிள் 30 மீட்டரில் ஐந்து பெல்லட்டை 12 மி.மீ. அகலத்துக்குள் போடுகிறது என்றால், அந்தச் சிதறலுக்கே நடுவிலிருந்து 6 மி.மீ. போய்விட்டது. பாதை மேலும் கீழும் அலைய மிஞ்சுவது சுமார் 6 மி.மீ. மட்டுமே. இந்தக் கழித்தலைச் செய்யாமல் முழு 12.5 மி.மீட்டரையும் பாதைக்கே கொடுத்துவிட்டு, ஓரத்தில் தவறும் பெல்லட்டுக்குக் காரணம் தேடுவது வழக்கமான பிழை.

இனி அதே எடுத்துக்காட்டு ரைஃபிளில் சில ஜீரோக்களை வைத்துப் பார்ப்போம். 20 மீட்டரில் வைத்தால் பெல்லட் கோட்டைத் தொட்டுவிட்டுக் கீழேயே போகும். மேலே ஏறுவதே இல்லை. 30 மீட்டரில் 10 மி.மீ. கீழே, உங்களுக்குப் போதாது. 30 மீட்டரில் வைத்தால் 22 மீட்டர் பக்கம் 7 மி.மீ. மேலே, எல்லையைச் சற்றே தாண்டுகிறது. 40 மீட்டரில் வைத்தால் 25 மீட்டரில் 26 மி.மீ. மேலே, வட்டத்துக்கு வெளியே. ‘தொலைவில் ஜீரோ வைத்தால் பக்கத்திலுள்ளது தானே சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை ஏர் ரைஃபிளில் எடுபடாது.

27 மீட்டரில் வைத்தால் 15-ல் 1 மி.மீ. கீழே, 22-ல் 3.5 மி.மீ. மேலே, 30-ல் 5 மி.மீ. கீழே. உங்கள் தேவை முழுவதும் 6 மி.மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, நடுவில் குறி வைத்துச் சுட்டால் போதும். ஆகவே என் பதில் 27. 35 மீட்டருக்கும் போக நினைத்தால் அதற்காக ஜீரோவைத் தள்ளாதீர்கள். அங்கே 18, 19 மி.மீ. இறங்கும், அவ்வளவு மேலே குறி வையுங்கள்.

ஸ்கோப் உயரத்தை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். உயரமான மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்திருக்கும் தாங்கி) போட்டு 45 மி.மீ. 60 ஆனால், இதே 27 மீட்டர் ஜீரோவில் 15 மீட்டரில் 8 மி.மீ. கீழே படும்.

கேள்வி: .22 (5.5 மி.மீ.) ரைஃபிளுக்கும் இதே தூரம்தானா?

பதில்: இல்லை. 15.9 கிரெய்ன் பெல்லட் நொடிக்கு 174 மீட்டரில் போனால் வளைவு அதிகம். 25 மீட்டரில் ஜீரோ வைத்தால் முதல் வெட்டு 10 மீட்டரிலேயே வந்துவிடும். 17 மீட்டரில் 11 மி.மீ. மேலே, 30-ல் 20 மி.மீ. கீழே. 20 மீட்டரில் வைத்தால் 10 முதல் 21, 22 மீட்டர் வரை 5 மி.மீட்டருக்குள் நிற்கும். அதற்கப்பால் தூரம் தெரியாமல் சுடுவது வீண்.

கேள்வி: 27 மீட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி வைப்பது?

பதில்: முதலில் 10 மீட்டரில் பெரிய அட்டை வைத்துத் தொடங்குங்கள், நேராக 27-க்குப் போனால் பெல்லட் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போகலாம். அட்டைக்குப் பின்னால் பெல்லட் தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பு இருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். 10 மீட்டரில் நடுப்புள்ளியை அடையப் பார்க்காதீர்கள். நேர் கீழே 11 மி.மீட்டரில் விழும்படி வைத்தால், 27-க்குப் போகும்போது ஏறக்குறைய சரியாக இருக்கும்.

பிறகு நாடா வைத்து 27 மீட்டர் அளந்து, ஐந்து பெல்லட் சுடுங்கள். அந்த ஐந்தின் நடுவைப் பார்த்து ஒரே தடவையில் திருத்துங்கள். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ஒரு திருகல் கொடுப்பவர் சிதறலைத் துரத்திக்கொண்டே இருப்பார். கால் நிமிடக் கோண (1/4 MOA) ஸ்கோப்பில் ஒரு க்ளிக் (திருகின் ஒரு படி) 100 மீட்டரில் 7.3 மி.மீ.; 27 மீட்டரில் சுமார் 2 மி.மீ. எனவே 14 மி.மீ. கீழே விழுந்தால் ஏழு க்ளிக் மேலே. 0.1 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஸ்கோப் என்றால் அதே தூரத்தில் ஒரு க்ளிக் 2.7 மி.மீ. கடைசியில் 15, 22, 30 மீட்டரிலும் ஐந்தைந்து சுட்டு எழுதி வையுங்கள். உங்கள் பெல்லட்டின் உண்மையான பாதை அந்தத் தாளில்தான் இருக்கும்; மேலே உள்ள எண்கள் தொடக்கத்துக்கு மட்டும்.

ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் சுடும்போது எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்து ஜீரோ வையுங்கள். முன்கட்டையைக் கெட்டியான மேசையிலோ இருகால் தாங்கியிலோ வைத்துச் சுட்டால் பெல்லட் படும் இடம் நகர்ந்துவிடும். திறந்த உள்ளங்கையில் படுக்க வைத்து, கை இருக்கும் இடத்தைக் கட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் சரியாக இருக்கிறது, பிறகு ஜீரோ நகர்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: முதல் சந்தேகம் மவுண்ட். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னும் முன்னுமாக இருமுறை உதைக்கும். மவுண்ட் தண்டவாளத்தில் மெல்லப் பின்னே ஊரும். மவுண்ட்டின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டு வைத்தால் தெரிந்துவிடும். ஊர்ந்திருந்தால் நிறுத்துமுள் உள்ள மவுண்ட் வேண்டும். இந்த இரட்டை உதைக்கென்று செய்யப்படாத ஸ்கோப் உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும்.

அடுத்தது, மேல் டரெட்டை (உயரம் திருத்தும் திருகை) ஏறக்குறைய கடைசிவரை திருப்பியிருக்கிறீர்களா? குழல் மடிக்கும் ரைஃபிள்கள் பலவற்றில் குழல் சற்றே கீழே தொங்கும். அதை ஈடுகட்ட டரெட்டை முழுக்க ஏற்றினால், உள்குழாயை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்து, ஒவ்வொரு உதைக்கும் ஜீரோ ஆடும். முன்பக்கம் சரிந்த மவுண்ட் போட்டு, டரெட்டை நடுவுக்குக் கொண்டுவருவதே சரி.

மிச்சத்தை வேகத்தில் தேடுங்கள். வேறு பெல்லட், காற்றுச் சிலிண்டரில் குறைந்த அழுத்தம், கார்பன் டை ஆக்சைடு ரைஃபிளில் குளிர்ந்த காலை, எல்லாமே வேகத்தை மாற்றும். 238 மீட்டர் 225 ஆனால் 30 மீட்டரில் 10 மி.மீ. கூடுதலாக இறங்கும், உங்கள் 6 மி.மீ. கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. பேரலாக்ஸையும் பாருங்கள்: 100 கஜத்துக்கு நிரந்தரமாக வைத்த ஸ்கோப்பில் 15 மீட்டரில் கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும்.

கேள்வி: பக்கத்தில் வலதுபுறம், தொலைவில் இடதுபுறம் படுகிறது, 27-ல் மட்டும் நடுவில். காற்றும் இல்லை.

பதில்: ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே இல்லை. குண்டு இல்லாததை இருமுறை உறுதி செய்துகொண்டு, சில மீட்டர் தள்ளி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி முன் ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்கோப் வழியே பாருங்கள். குறுக்குக்கோட்டின் நடுவை ஸ்கோப்பின் பிம்பத்தில் வைக்கும்போது, நெட்டுக்கோடு குழல் வாயின் பிம்பத்தையும் சரிபாதியாக வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் வளையங்களைத் தளர்த்தி, வெட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றி, இறுக்கிவிட்டு ஜீரோவை மீண்டும் பாருங்கள்.