பந்தோடு வந்தவளை ஏன் அனுப்பினீர்கள்?

கேள்வி: கணவரின் வேலைக்காக வெளிநாடு வந்து பதினொரு மாதம் ஆகிறது. மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. இங்கே எங்களுக்கு உறவென்று யாரும் இல்லை. குழந்தைகள் ஏங்கிவிடக் கூடாது என்று சனி, ஞாயிறு தவறாமல் எங்காவது அழைத்துப் போகிறோம். மிருகக்காட்சி சாலை, மீன் காட்சியகம், கேளிக்கைப் பூங்கா எல்லாம் இரண்டு மூன்று முறை பார்த்தாகிவிட்டது. ஆனால் திரும்பும் வழியிலேயே இருவருக்கும் சண்டை, அழுகை. வாரநாட்களில் பள்ளி விட்டு வந்ததும் ‘போரடிக்கிறது’ என்று பையன் என் பின்னாலேயே சுற்றுகிறான். வேறு வழியின்றி டேப்லெட்டைக் கொடுத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டு முறை பந்தோடு வந்து கதவைத் தட்டினாள். எனக்கு அவர்கள் மொழி சரியாக வராததால் ஏதோ சைகை காட்டி அனுப்பிவிட்டேன். எப்படியும் இன்னும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம். அதுவரை குழந்தைகளை அன்றாடம் குதூகலமாக வைத்திருக்க என்னென்ன செய்யலாம்? கேளிக்கைப் பூங்காவுக்கு ஆண்டு அனுமதிச்சீட்டு வாங்கிவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

ஊர் சுற்றிய கதையை விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். பந்தோடு வந்த சிறுமிக்கு ஒரே ஒரு வரி. அதுவும் உங்கள் மொழிச் சிரமத்தைச் சொல்வதற்காக, போகிற போக்கில். எனக்கோ அந்த வரியை விட்டு நகர மனமில்லை.

அன்றாடக் குதூகலத்துக்கு வழி கேட்கிறீர்கள். அது தன் காலாலேயே நடந்து வந்து, கையில் பந்தோடு உங்கள் வாசலில் நின்றது. கட்டணம் இல்லை, வரிசை இல்லை, கார்ப் பயணம் இல்லை. கையை ஆட்டி அனுப்பிவிட்டீர்கள். முதல் தடவை ஏதோ தடுமாறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்கு என்ன சமாதானம்? ஒருமுறை திருப்பி அனுப்பிய வீட்டுக்கு ஒரு குழந்தை மறுபடியும் வந்திருக்கிறாள். பெரியவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனது வரும்? பதினொரு மாதத்தில் நீங்கள் ஒரு தடவையாவது அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியதாகக் கடிதத்தில் இல்லை. மூன்றாம் தடவை அவள் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

மொழி வராது என்கிறீர்கள். யாருக்கு வராது? உங்களுக்கு. அவள் விளையாடக் கூப்பிட வந்தது உங்களையா? அங்கே பள்ளிக்குப் போகும் ஆறு வயதுப் பையன் இந்தப் பதினொரு மாதத்தில் உங்களைவிடக் கூடுதலாகவே கற்றிருப்பான். நான்கு வயது மகளுக்கு மொழியே ஒரு பொருட்டல்ல. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறு குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர் பிரித்துக் காட்டிய படிகளில் ஒன்று, இரண்டு குழந்தைகள் அருகருகே உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருட்களை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஆட்டம் ஆடுவது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டியதில்லை. துரத்திப் பிடிப்பதற்கும் ஒளிந்து பிடிப்பதற்கும் இலக்கணம் தேவையில்லை. கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஆட்டத்தைப் பழைய கிரேக்கர்கள் ஆட்டின் கணுக்கால் எலும்புகளை வைத்து ஆடினார்கள். உலகம் முழுவதும் குழந்தைகள் அறிந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் ஆடிக் காட்டினால் மற்றவருக்குப் புரிந்துவிடும். புதிய மொழிக்குள் வந்து விழுந்த சில குழந்தைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் உண்டு. அந்த நாட்களிலும் அவர்கள் ஓடத்தான் செய்வார்கள்.

ஆக, தடை மொழி இல்லை, அம்மா. உங்கள் கூச்சம். தப்பும் தவறுமாகப் பேசி ஒரு அந்நியப் பெண்ணின் முன்னால் அசட்டுச் சிரிப்புச் சிரிக்க நேரிடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கான அபராதத்தை உங்கள் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

‘எப்படியும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம்’ என்று ஒரு வாக்கியம் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆயுளில் அது சிறு துண்டு. உங்கள் மகளோ மூன்று வயதில் அங்கே வந்தாள், ஆறு வயதில் திரும்பப் போகிறாள். அன்றைக்கு அவள் வாழ்ந்த வாழ்க்கையில் ஏறத்தாழப் பாதி அங்கே கழிந்திருக்கும். பிற்காலத்தில் அவள் நினைவில் தங்கப்போவதில் முதலாவது சில காட்சிகளும் அனேகமாக அந்த வீட்டையும் அந்தத் தெருவையும் சேர்ந்தவையாகவே இருக்கும். உங்களுக்கு அது தற்காலிக ஊராக இருக்கலாம். அவளுக்கு வேறு ஊர் தெரியாது.

சனி, ஞாயிறுக்கு வருகிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரைக்கு முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஒரு நாளில் என்பதைக் கவனியுங்கள். உண்டியலில் போடுவதுபோல் ஐந்து நாள் சேர்த்துவைத்துச் சனிக்கிழமை உடைக்க முடியாது. அப்படியே உடைத்தாலும் கேளிக்கைப் பூங்காவில் குழந்தை என்ன செய்கிறது? வரிசையில் நிற்கிறது, இருக்கையில் வாரால் கட்டப்பட்டுச் சுற்றி வருகிறது, மறுபடி வரிசையில் நிற்கிறது. தூக்கம் தப்பி, சாப்பாட்டு நேரம் தப்பி, கண்ணும் காதும் நிரம்பி வழிந்து காரில் ஏறுகிறது. அழாமல் என்ன செய்யும்? 1989இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. நீங்கள் அதை வாரக் கடைசிப் பரிசாக ஆக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளை மகிழ்விப்பது தங்கள் வேலை என்று இக்காலப் பெற்றோர் நினைக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு அந்த நினைப்பு இரட்டிப்பாகிறது. உறவைப் பிரித்துக் கொண்டுவந்த குற்ற உணர்வை நுழைவுச்சீட்டால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகிழ்ச்சியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். பெற்றவர்களின் கடமை மனிதர்களைச் சேர்த்துக் கொடுப்பது. சொந்த ஊரில் தாத்தா, பாட்டி, அத்தை, எதிர் வீட்டுக்காரர் என்று அந்த வேலையைப் பலர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அங்கே உங்கள் இருவரை விட்டால் ஆள் இல்லை. உறவென்று யாரும் இல்லை என எழுதிய அதே கையால்தானே அந்தச் சிறுமியைப் போகச் சொன்னீர்கள்? நள்ளிரவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் முதலில் எந்தக் கதவைத் தட்டுவீர்கள் என்றாவது யோசித்திருக்க வேண்டாமா?

பட்டியல் கேட்டீர்கள். முதல் வேலை, நாளை மாலை நீங்களே ஒரு பந்தோடு, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவது. என்ன பேசுவது என்று உங்கள் மகனிடம் கேளுங்கள், நான்கு வாக்கியம் அவன் சொல்லிக் கொடுப்பான். அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய விளையாட்டு ஆறு வயதில் கிடையாது. அந்த வீட்டுப் பெரியவர்களிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் பெயரைக் கேளுங்கள், பிள்ளைகள் விளையாடும்போது நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னபடி உட்காருங்கள். சிறு குழந்தைகளைப் பெரியவர் துணையின்றி வெளியே விடுவது சில நாடுகளில் அதிகாரிகள் தலையிடும் விஷயம். அந்த ஊர் நடைமுறையை அந்தப் பெண்ணிடமே கேட்கலாம், பேச்சுக்கும் ஒரு பொருள் கிடைக்கும். சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது வேண்டியதுதான். மறுநாளும் போங்கள். அவளே இரண்டு தடவை வந்தாள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஒரே விளையாட்டுத் திடலுக்கு ஒரே நேரத்தில் தினமும் போனால் அதே குழந்தைகளைப் பார்க்கலாம். ஊர் ஊராய் அலைந்தால் தினமும் புதுமுகம்தான். பொது நூலகங்கள் பலவற்றில் சிறுவர்களுக்குக் கதை நேரம் இலவசமாக நடக்கிறது. நனைந்தால் மாற்ற உடை இருந்தால் மழையும் விளையாட்டுதான். பெரிய அட்டைப்பெட்டி ஒன்று ஒரு வாரம் தாங்கும். துணி மடிக்கவும் காய் கழுவவும் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலை இரு மடங்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பையன் போரடிக்கிறது என்றால் பதில் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் டேப்லெட் கைக்கு வராது என்று உறுதியாகத் தெரிந்தால் அவனே ஏதாவது கண்டுபிடிப்பான்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. வாரநாள் மாலைகளைப் பற்றி எழுதும்போது அவர் பெயரே வரவில்லை. செலவு என்று வரும்போதுதான் வருகிறார். பக்கத்து வீட்டுக்குப் போகும்போது அவரும் உடன் வரட்டும். வாரத்தில் இரண்டு மாலையாவது வெளியே உட்காருவது அவர் முறையாக இருக்கட்டும். ஆண்டு அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது, பெற்றோரின் சம்மதத்தோடு, அந்தச் சிறுமிக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்.