கீழ்த்தளத்து வட்ட ஜன்னல் போதும், பர்சனல் லோன் வேண்டாம்

கேள்வி: மாமனாரின் மணிவிழாவை ஒட்டி மாமனார், மாமியார், நாங்கள் இருவர், சகலை வீட்டில் இருவர் என 6 பேர் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபூக்கெட் போய்வரும் 4 இரவுக் கப்பல் பயணம் போகிறோம். 3-ஆம் தளத்தில் ஓஷன் வியூ அறை (பால்கனி இல்லை, கடல் தெரியும் ஜன்னல் மட்டும்) இருவருக்கு 1.05 லட்சம், 8-ஆம் தளத்தில் பால்கனி அறை 1.45 லட்சம் என்கிறார் ஏஜென்ட். "கீழே போட்டா வாந்திதான் வரும், மூணும் பால்கனியே போடுங்க, என் பங்கை அப்புறம் தர்றேன்" என்கிறார் சகலை. காஷ்மீர் பயணத்தில் அவருக்காக லோன் எடுத்துக் கட்டிய 60,000 இன்னும் வரவில்லை. அந்த லோனுக்கு மாதம் 5,400 வீதம் 7 தவணை பாக்கி. கையில் சீட்டுப் பணம் 5.25 லட்சம் இருக்கிறது. வங்கி 14 சதவீதத்தில் 2 லட்சம் லோன் தரத் தயார். வாங்கலாமா? - கோவை வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். அறை விஷயத்தில் உங்கள் சகலை சொல்வது தலைகீழ். கப்பல் பக்கவாட்டில் ஆடும்போது உயரே போகப் போக ஆட்டம் கூடும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவது இரண்டு முனைகளில்தான் அதிகம். எனவே கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்தில் நடுவே இருக்கும் அறையில்தான் வயிறு அடங்கியிருக்கும். மேல்தளங்களில் சில ஜன்னல்களை உயிர்காப்புப் படகுகள் மறைக்கும். கீழே அந்தத் தொல்லையும் கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் திறக்காது. கடல் கொந்தளித்தால் ஊழியர்கள் வந்து இரும்பு மூடியைப் போட்டுவிடலாம். முன்கோடி அறை என்றால் கப்பல் கரை சேரும் விடியற்காலையில் த்ரஸ்டர் (கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி) உறுமி கட்டில் அதிரும். ஃபூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆளை இறக்குவது வழக்கம். நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் முன்பக்க அறைக்காரர்களைத்தான் எழுப்பும். பின்கோடியில் எஞ்சின் அதிர்வு.

அதனால் ஏஜென்டிடம் டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்தின் அறைப் படம், கேட்டு வாங்குங்கள். நடுப்பகுதி லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளி உள்ள எண்ணைக் கேளுங்கள். மேல்தளத்தின் படத்தையும் கீழே உள்ள தளத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே தியேட்டரோ பாரோ இருந்தால் நள்ளிரவு வரை தலைக்கு மேல் சத்தம் கேட்கும், சமையற்கட்டு என்றால் விடிகாலையில் தள்ளுவண்டி உருளும். படத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் பெரும்பாலும் ஊழியர் பகுதி, அதையும் தவிருங்கள். சில கப்பல்களில் கீழ்த்தள அறைகளே முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் அந்த வரிசையில் நடுவை நோக்கிக் கடைசியாக இருப்பதைக் கேளுங்கள். 'கேரண்டி' என்று விலை குறைத்துத் தருவதில் அறை எண்ணைக் கம்பெனிதான் முடிவு செய்யும். வாந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது சரிப்படாது.

மாமியாருக்கு மூட்டுவலி இருந்தால் இன்னொரு வசதி: இறங்கும் வழியும் மருத்துவ அறையும் பெரும்பாலும் கீழேதான். சாப்பாட்டுக்கு மேலே போகத்தான் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

இப்போது பணம். பால்கனிக்கு ஓர் அறைக்கு 40,000 கூடுதல். 4 இரவுப் பயணத்தில் இரண்டு நாள் ஊர் சுற்றப் போய்விடுவீர்கள். மிச்ச நேரத்தில் ஒருவர் பால்கனியில் விழித்து உட்கார்வது 12 மணி நேரம் என்றே வையுங்கள், மணிக்கு 3,300 ரூபாய்க்கு மேல். திறந்த தளத்தில் இதே காற்று எல்லோருக்கும் சும்மா கிடைக்கிறது.

ஓஷன் வியூ கணக்கு: அறை மூன்றுக்கும் 3.15 லட்சம். விமானம் தலைக்கு 25,000 வீதம் 1.5 லட்சம். கப்பலில் தினமும் தலைக்கு ஒரு சேவைத் தொகை ஏறும், சூட் எனப்படும் சொகுசு அறை தவிர மற்ற அறைகளுக்குப் பெரும்பாலும் ஒரே தொகைதான். 18 டாலர் என்று வைத்தால் 6 பேருக்கு 4 நாளில் 432 டாலர், டாலர் 90 ரூபாய் என்றால் சுமார் 39,000. ஆக 5.04 லட்சம், சீட்டுப் பணத்துக்குள் அடங்குகிறது. பால்கனி என்றால் 6.24 லட்சம். பற்றாக்குறை 1 லட்சம், ஆனால் நீங்கள் கேட்பது 2 லட்சம். வங்கி நீட்டுகிறது என்பதற்காக வாங்குகிற கூடுதல் 1 லட்சம் அது. 36 மாதத்துக்கு மாதம் 6,835 கட்டினால் வட்டி மட்டும் 46,000. 2 சதவீத செயலாக்கக் கட்டணமும் அதன் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 51,000-ஐ நெருங்கும்.

உங்களைக் கெடுப்பது பால்கனி அல்ல. சகலையின் பங்கை உங்கள் பெயரில் புக் செய்து, உங்கள் லோனில் கட்டி, 'அப்புறம்' என்ற வார்த்தையை ரசீதாக வாங்கிக்கொள்வதுதான். காஷ்மீரில் நடந்ததே மறுபடி நடக்கும். ஏஜென்ட் டி.சி.எஸ். (வெளிநாட்டுப் பயணப் பணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்தாலும் அது பணம் கட்டுகிற உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். வருமான வரிக் கணக்குக் காட்டி ஈடுகட்டும் வரை அந்தப் பணமும் உங்களுடையதுதான் முடங்கும்.

மூன்றில் ஒரு பங்கு 1.68 லட்சம். சகலை தன் அறையை ஏஜென்டிடம் நேரடியாகத் தன் கணக்கிலிருந்து கட்டட்டும். பால்கனிதான் வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் மாமனார் வீட்டுக்கும் 3.36 லட்சம் போக 1.89 லட்சம் மிஞ்சும். அதில் முதல் வேலையாக காஷ்மீர் லோனை முடித்துவிடுங்கள், ஏழு தவணையும் சேர்ந்தே 37,800-தான்.

இன்னும் இரண்டு வலை இருக்கிறது. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று கார்டுக்காரர்கள் அழைப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் வட்டிக்கு ஜி.எஸ்.டி. தனியாக வரும், மொத்தமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போகும். புக் செய்த பிறகு 'ஏலத்தில் கேளுங்கள், பால்கனி கிடைக்கலாம்' என்று மின்னஞ்சல் வரும். அதில் போடுகிற தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு. 100 டாலர் என்று நினைத்துப் போட்டால் அறைக்கு 200 டாலர் கார்டில் இறங்கும், ஏற்றுக்கொண்டபின் ரத்து செய்ய விடமாட்டார்கள். ஏஜென்டிடம் முன்பணம் கட்டும் முன் சகலையிடம் பேசிவிடுங்கள். மணிவிழா மேடையில் வைத்து அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.