பிளெண்டரில் சிமெட்ரி தள்ளி விழுந்தால்
பிளெண்டர் என்ற 3டி மாடலிங் மென்பொருளில் ஹெல்மெட் மாடலின் வலப்பக்கம் மாஸ்க் (ஒரு பகுதியை மாறாமல் மறைத்து வைப்பது) போட்டால், இடவலமாகப் பிரதிபலிக்கும் எக்ஸ் சிமெட்ரி ஆனில் இருந்தும் இடப்பக்கம் அது தள்ளி விழுகிறது என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் ஒரிஜினில், அதாவது ஆப்ஜெக்டின் மையப்புள்ளியில்தான். பிளெண்டர் ஒரிஜினை வைத்துத்தான் இரு பக்கத்தையும் பிரிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆன்டெனாவைச் சேர்த்துவிட்டு ‘ஒரிஜின் டு ஜியோமெட்ரி’ கொடுத்தால், ஒரிஜின் அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும்.

முதலில் ஆன்டெனாவைத் தனி ஆப்ஜெக்டாகப் பிரியுங்கள். எடிட் மோடில் ஹெல்மெட்டின் நடுக்கோட்டு எட்ஜ் லூப்பை (தொடர்ச்சியான விளிம்பு வளையம்) ஆல்ட் கிளிக்கில் எடுத்து, ஷிஃப்ட் + எஸ்-இல் ‘கர்சர் டு செலக்டட்’ கொடுங்கள்; 3டி கர்சர் அங்கே வந்துவிடும். அப்புறம் ஆப்ஜெக்ட் மோடில் ‘ஒரிஜின் டு 3டி கர்சர்’ கொடுங்கள். மாடல் சாய்ந்திருந்தால் ரொட்டேஷனை அப்ளை பண்ணிவிடாதீர்கள்; சிமெட்ரி அச்சு மாடலோடு சாய்ந்திருப்பதுதான் நமக்கு வேண்டும்.

ஏற்கெனவே கோணலான பக்கத்துக்கு ஸ்கல்ப்ட் மோடில் ஒரு பக்கத்தை மறுபக்கத்தில் பிரதியெடுக்கும் ‘சிமெட்ரைஸ்’ போதும். எந்தப் பக்கம் எதன்மேல் ஏறும் என்பதை டைரக்‌ஷனில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல பக்கம் அழிந்துவிடக் கூடாது. சரி, மறுபக்கத்தையும் செலக்ட் செய்ய வேண்டுமென்றால், எடிட் மோடில் ஹெல்மெட்டின் ஒரு பக்கத்துப் பேனலை மட்டும் செலக்ட் செய்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் அழுத்தினால் மறுபக்கத்துப் பேனல் செலக்ட் ஆகும். அங்கே வரும் ‘எக்ஸ்டெண்ட்’ ஆப்ஷனை டிக் செய்தால் இரண்டு பேனலுமே செலக்ட் ஆகி நிற்கும்.