கணவாயில் கண்ட கூழாங்கல்

அன்புள்ள ஐயா,

டெல்லியிலிருந்து டேராடூன் செல்லும் வழியில், மோகண்ட் கணவாயில் சாலைக்காக வெட்டிய மலைச்சரிவில் உருண்டைக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கக் கண்டேன். ஆற்றில் உருண்ட கல் மலைமேல் எப்படி ஏறியது? இமயம் உயர அடிவாரம் தாழ்ந்தது, தாழ்ந்த இடத்தை ஆறுகள் நிரப்பின என்று படித்திருக்கிறேன். அவ்வளவுதானா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

நீங்கள் படித்தது தவறில்லை. ஆனால் 'நிரப்பின' என்னும் சொல், படுகையை அசையாமல் கிடக்கும் அண்டாவைப் போல எண்ண வைத்துவிடுகிறது. இமயத்தின் பாறைப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சுமையில் இந்திய நிலத்தட்டு வளைந்ததால், பள்ளம் மலையடியில் ஆழமாகவும் தெற்கே போகப்போக ஆழம் குறைந்தும் அமைந்தது. வண்டலும் அடிவாரத்தில் சில கிலோமீட்டர் தடிமனாகக் குவிந்து, சமவெளிக்குத் தெற்கே உள்ள புந்தேல்கண்ட் பாறைகளின் ஓரத்தில் மெலிந்து முடிகிறது.

மலைமுகப்போ நின்ற இடத்தில் நிற்கவில்லை. அது தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. மோகண்டிலிருந்து வடக்கே ஏறினால் முதலில் மணற்பாறை, பிறகு அதனூடே கூழாங்கல் வரிகள், தாட் காளி கோயிலை நெருங்கும்போது ஏறக்குறைய முழுவதும் கூழாங்கல் என்று பாறை மாறுகிறது. அடுக்குகள் வடக்கே சாய்ந்திருப்பதால், ஏற ஏற நாம் இளைய படிவுகளுக்குள் நுழைகிறோம். மலை தொலைவில் இருந்த காலத்தில் மணலும் களியுமே வந்து சேர்ந்தன. அது நெருங்கியபின் கல்லே வந்தது. அக்கற்களில் பெரும்பாலானவை உள்மலையிலிருந்து வந்த குவார்ட்சைட் என்னும் கடினப் பாறை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கல் மிகுந்த அடுக்கைக் கண்டதும் 'மலை எழுந்த காலம்' என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையின் சுமை ஏறிப் பள்ளம் விரைவாகத் தாழும்போது கனமான கற்கள் மலையடியிலேயே அகப்பட்டுக்கொள்ளும். தாழ்வு தணிந்த பிறகுதான் அவை சமவெளிக்குள் வெகுதூரம் பரவும். ஆகவே நடுச்சமவெளியில் கிடக்கும் கல், மலையின் ஓய்வுக்காலத்தையும் காட்டக்கூடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. கல் மலை ஏறவில்லை. அது படிந்த படுகைத் தரையே மலையாயிற்று. புவியியலாளர் இமய முன்னணி உந்துபிளவு என்று குறிக்கும், ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின்மேல் ஏறும் பிளவு மேலும் தெற்கே உருவாகி, பழைய வண்டலை மடித்துத் தூக்கியபோது நீங்கள் கடந்த சிவாலிக் குன்றுகள் எழுந்தன. எழுந்த குன்று உடனே ஆறுகளின் போக்கிலும் கைவைத்தது: அதன் பின்புறத்தில் ஆசன் மேற்கே திரும்பி யமுனையிலும், சோங் தென்கிழக்கே திரும்பிக் கங்கையிலும் சேர்கின்றன. இடையே அடைபட்ட, டேராடூன் அமைந்த டூன் பள்ளத்தாக்கு, சமவெளிக்குப் போயிருக்க வேண்டிய சரளையில் பெரும்பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது.

சமவெளியின் அடியிலும் டெல்லி–ஹரித்வார், பைசாபாத், முங்கேர்–சஹர்சா எனப் பழைய பாறைமுகடுகள் குறுக்கே புதைந்துள்ளன. அவற்றின் மேல் வண்டல் மெலிந்தும் இடைப்பட்ட பள்ளங்களில் தடித்தும் கிடக்கிறது.

நீங்கள் பார்த்த கற்களின் பயணமும் அங்கேயே முடிந்துவிடவில்லை. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மோகண்ட் ராவ் என்னும் ஓடை, மழைக்காலத்தில் அக்குன்றுகளை அரித்து, ஒருமுறை படிந்து உயர்ந்த அதே கற்களை மீண்டும் தெற்கே உருட்டிச் செல்கிறது.