வெள்ளை நாயும் தரங்கம்பாடிக் கோட்டையும்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாயைத் தரங்கம்பாடிக் கடற்கரையில், கோட்டை பின்னால் தெரிய செல்போனில் எடுத்தோம். நாய் வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: உச்சி வெயிலில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அம்மா. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலோரமாகவே நிற்கிறது. விடிந்த முதல் முக்கால் மணி நேரத்தில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், இளவெயில் நாய் மேலும் சுவர் மேலும் சேர்ந்து விழும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். ரோமம் ஒருமுறை வெளுத்துப் பதிந்துவிட்டால் பிறகு மீட்க முடியாது.

மணலில் படுத்தே எடுங்கள். நாயின் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் கோட்டை அதன் தோளுக்குப் பின்னால் எழும்.

வாரை மட்டும் அவிழ்க்காதீர்கள். என் கறுப்பி ஒருமுறை நண்டைத் துரத்தி அலைக்குள் போய்விட்டாள்; அந்த அரை நிமிடம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. உங்களுடையதோ வேட்டை இனம். வீட்டில் ஒருவர் பிடித்திருக்கட்டும். வெயில் ஏறினால் மணல் சுடும், பாதம் தாங்காது. தண்ணீரும் கிண்ணமும் கொண்டுபோங்கள். பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்குங்கள், தலை நிமிரும். அப்போது அழுத்துங்கள்.